ஒரு காளானைப் படிக்க மூன்று மாரி

போன கிழமை மழை விட்ட அன்று காலையில் இரண்டு பேர் எனக்கு வட்ஸ்அப்பில் காளான் படம் அனுப்பியிருந்தார்கள். ஒருவர் நிலாவெளியில் இருந்து, மற்றவர் பன்குளத்தில் இருந்து. இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி, "அண்ணை, இது சாப்பிடலாமோ?" நான் எழுதிய பதிலும் ஒன்றுதான்: தெரியாது, சாப்பிட வேண்டாம். அதில் ஒருவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். இத்தனை வருசமாகக் காளான் பொறுக்குகிற ஆளுக்கு ஒரு படத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியாதா என்று கேட்டார். அவருக்கு விளக்கம் எழுதத் தொடங்கி, அது நீண்டுகொண்டே போனதால் எல்லாருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பொறுக்கிச் சாப்பிடுகிற காளான் ஒன்றே ஒன்றுதான். புற்றடியில் வருகிற சின்னப் புற்றுக்காளான். அதைப் படிக்கவே எனக்கு மூன்று மாரி போனது. மற்ற எதைக் கண்டாலும் குனிந்து பார்ப்பேன், படம் எடுப்பேன், ஒன்றிரண்டைத் தோண்டிக் கொண்டுவந்து ஆராய்வேன், ஆனால் சட்டிக்குள் போடமாட்டேன். புதிதாகத் தொடங்குகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: பத்துக் காளானை அரைகுறையாகத் தெரிந்துகொள்ளாமல் ஒரு காளானை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

திருகோணமலையில் வருசத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் கொட்டித் தீர்ந்துவிடும். கச்சான் காற்றில் மாதக்கணக்காகக் காய்ந்து வெடித்துக் கிடந்த மண்ணில் முதல் இரண்டு மூன்று மழை இறங்கியதும், உள்ளே காத்திருந்த பங்கசு, அதாவது பூஞ்சணம், எல்லாம் ஒரே கிழமையில் தலை காட்டும். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று ஊரில் சொல்வார்களே, அந்த மாதங்களில் இடியும் மழையும் ஒன்றாகவே வருவதால் வந்த பேச்சாக இருக்கலாம் அது. வேலியோரம், மாட்டுப்பட்டி, தென்னையடி, விளையாட்டு மைதானம், எங்கே பார்த்தாலும் குடை குடையாக நிற்கும்போது யாருக்கும் கை துறுதுறுக்கும். எனக்கும் அப்படித்தான் துறுதுறுத்தது.

அந்த முதல் மாரியில் உப்புவெளியில் நாங்கள் இருந்த வீட்டுக்கு முன்னால் உள்ள புல்தரையில் பெரிய வெள்ளைக் காளான்கள் வட்டமாக வந்திருந்தன. ஒவ்வொன்றும் சாப்பாட்டுக் கோப்பை அகலம், வெள்ளைக் குடையின் மேல் மண்ணிறச் செதில்கள், தண்டில் ஒரு வளையம், மணமும் நன்றாகத்தான் இருந்தது. கத்தியை எடுத்துத் தண்டோடு வெட்டி ஒரு பொலித்தீன் பை நிறையச் சேர்த்துவிட்டேன். சமைக்கத்தான் இருந்தேன், மனைவிதான் "ஆச்சியிட்ட ஒருக்கால் காட்டிப்போட்டுச் சமைப்பம்" என்று சொன்னார். ஆச்சி என்றால் அவருடைய அம்மம்மா, தம்பலகாமத்தில் இருக்கிறார். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர், சின்ன வயதில் இருந்தே காளான் பொறுக்கியவர்.

மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் ஆச்சிக்கு முன்னால் பையை விரித்தேன். அவர் கையாலும் தொடவில்லை. "நாய்க்குடை, தம்பி. கொட்டிப்போட்டுக் கையைக் கழுவுங்கோ" என்றார். எனக்கு ஏமாற்றம். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "புல்லுத்தரையில வந்தது, தண்டு இவ்வளவு மொத்தம், இதை நாங்கள் தின்னுறதில்லை. நல்லதெண்டாலும் நான் தின்ன விடமாட்டன். அடியை நீங்கள் அங்கேயே விட்டிட்டு வந்திட்டியளே" என்றார். அப்போது அது எனக்கு விளங்கவில்லை. சில கொடிய காளான்களுக்குத் தண்டின் அடியில் மண்ணுக்குள் முட்டை ஓடு போல ஒரு பை இருக்கும், கத்தியால் வெட்டி எடுத்தால் அந்த அடையாளம் மண்ணோடு போய்விடும். இப்போது தெரியாத காளான் எதையும் வெட்டமாட்டேன், சிறு கரண்டியால் சுற்றிக் கிளறி அடியோடுதான் எடுப்பேன்.

அன்று இரவு பையில் மிஞ்சியதில் ஒன்றை வீட்டில் வைத்து வித்திப் பதிவு எடுத்துப் பார்த்தேன். வித்தி என்றால் காளான் விதை போல உதிர்க்கிற நுண்ணிய பொடி, அதன் நிறத்தைத் தாளில் பிடித்துப் பார்ப்பதுதான் பதிவு. பள்ளிக்கூடத்தில் பங்கசு படித்தபோது வித்தி என்ற சொல்லை எழுதிப் பாடமாக்கியதோடு சரி, கண்ணால் கண்டதில்லை. செய்வது சுலபம். தண்டைக் குடையோடு ஒட்ட வெட்டிவிட்டு, குடைக்கு அடியில் உள்ள மெல்லிய மடிப்புகள் கீழே பார்க்கும்படி குடையைத் தாளில் வைத்து, மேலே ஒரு கிளாஸால் மூடி இரவு முழுக்க விடவேண்டும். தாளில் பாதி வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் இருந்தால் நல்லது, ஏனென்றால் வெள்ளை வித்தி வெள்ளைத் தாளில் தெரியாது. நான் அப்பியாசக் கொப்பியின் ஒரு தாளையும் பழைய நாட்காட்டியின் கறுப்பு மட்டையையும் ஒட்டவைத்துச் செய்தேன்.

காலையில் கிளாஸை எடுத்து, குடையை மெதுவாகத் தூக்கினேன். தாளில் ஒரு சக்கரம். நடுவில் தண்டு இருந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்க, சுற்றிவர நூறு நூற்றைம்பது மெல்லிய கோடுகள், மயிரிழை மயிரிழையாக, மாவைச் சலித்துப் போட்டது போல. நிறம் பச்சை. குளத்துப் பாசி வெயிலில் காய்ந்தால் வருமே, அந்தச் சாம்பல் பச்சை. முதல் நாள் வெள்ளையாக இருந்த மடிப்புகளும் மங்கிப் பச்சை பற்றத் தொடங்கியிருந்தன. விரலால் தொட்டேன், பச்சைப் பொடி ஒட்டியது. ஒரு வீட்டுச் சாப்பாட்டுக்குள் போக இருந்த பொருள் அது.

அந்தக் காளானுக்குக் குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ் என்று பெயர். வெப்பமான நாடுகளில் புல்தரையில் மழைக்குப் பிறகு சர்வசாதாரணமாக வரும். பச்சை வித்தி அதன் பெரிய அடையாளம், ஆனால் இளம் காளானில் மடிப்பு வெள்ளையாகவே இருப்பதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். தின்றால் ஒன்றிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குள் கடும் வாந்தி, வயிற்றோட்டம். பெரியவர்கள் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள், உடம்பில் தண்ணீர் வற்றிப்போவதால் சின்னப் பிள்ளைகளுக்கு அது பெரிய ஆபத்து. எங்கள் வீட்டில் அப்போது நாலு வயதில் ஒரு பிள்ளை இருந்தது.

ஊரில் நிறையப் பேர் நம்புகிற சோதனைகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இவற்றை நம்பித்தான் ஆட்கள் சட்டியை அடுப்பில் வைக்கிறார்கள். வெள்ளிக் காசைப் போட்டுச் சமைத்தால் நஞ்சென்றால் காசு கறுக்கும், உள்ளி போட்டால் உள்ளி கறுக்கும், அரிசி போட்டால் அரிசி நிறம் மாறும், மஞ்சள் போட்டால் நஞ்சு முறியும். இதில் ஒன்றுகூட உண்மையில்லை. பூச்சி தின்றிருந்தால் மனிதனும் தின்னலாம் என்பதும் அப்படித்தான். மனிதனின் ஈரலைக் கரைக்கிற காளானை நத்தையும் புழுவும் சுகமாகத் தின்னும். வெள்ளைக் காளான் நல்லது, நிறமானது கூடாது என்பதைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசமான நம்பிக்கை என்று நினைக்கிறேன், ஏனென்றால் உலகத்தில் ஆளைக் கொல்கிற காளான்களில் சில தூய வெள்ளை. நன்றாக அவித்தால் சரியாகிவிடும் என்பதும் பிழை. அமாடொக்ஸின் என்ற நஞ்சு கொதிக்கவைத்தாலும் காயவைத்தாலும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் அழியாது.

அந்த அமாடொக்ஸினைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கள். அமானிட்டா, லெபியோட்டா, கலரினா என்ற காளான் கூட்டங்களில் சில இனங்களில் அது இருக்கிறது. வளர்ந்த ஆளுக்கே சில மில்லிகிராம் போதும், மரணத்தொப்பி என்று பெயர் வாங்கிய அமானிட்டா ஃபலோய்டிஸில் ஒரே ஒரு காளானில் அந்த அளவு இருக்கலாம். தின்ற உடனே ஒன்றும் தெரியாது, ருசிகூட நன்றாக இருந்தது என்று தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 6 மணித்தியாலத்துக்குப் பிறகு, சிலருக்கு 12 அல்லது 24 மணித்தியாலமும் போன பிறகுதான் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அது ஒரு நாளில் குறைந்து, ஆள் தேறிவிட்டது போல இருக்கும், வீட்டாரும் நிம்மதியாகிவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். ஆகவே காளான் தின்று நெடுநேரம் கழித்து வாந்தி வந்தால் அது சாதாரண அஜீரணம் என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தின்றதில் மிஞ்சியதையோ, சமைக்காத காளானையோ, குப்பையில் போட்ட தண்டையோ ஒரு கடதாசியில் சுற்றிக் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை மணிக்குத் தின்றது, எத்தனை மணிக்கு முதல் வாந்தி என்பதைச் சொல்லுங்கள், வைத்தியருக்கு அது மிகவும் முக்கியம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, அங்கே கேட்டு ஆலோசனை பெறலாம். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது, தேங்காய்ப்பால் பருக்குவது என்று வீட்டில் நேரத்தைப் போக்க வேண்டாம். கூடத் தின்ற எல்லாரும், சுகமாக இருப்பவர்களும் சேர்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு இதைத் தனியாகச் சொல்லவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். சூடு மிதித்த களத்தில் வைக்கல் நனைந்து உக்கிக் கிடக்கும் இடத்தில் வைக்கல் காளான் வரும், பலருக்கும் தெரிந்திருக்கும். முளைக்கும்போது சின்ன முட்டை போல இருந்து, பிறகு உறையைக் கிழித்துக்கொண்டு குடை வெளியே வரும், கிழிந்த உறை அடியில் பையாகத் தங்கும். மரணத்தொப்பியும் அச்சொட்டாக இப்படித்தான் முட்டையில் இருந்து வெளிவரும். ஆசிய நாடுகளில் இருந்து ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா போனவர்கள் ஊர் ஞாபகத்தில் வைக்கல் காளான் என்று எடுத்துத் தின்று செத்திருக்கிறார்கள். 2012 புத்தாண்டை ஒட்டி கான்பராவில் மரணத்தொப்பி சாப்பிட்டு இரண்டு பேர் செத்துப்போனார்கள். மெல்பேர்னிலும் வன்கூவரிலும் லண்டனிலும் இந்தக் காளான் இருக்கிறது, ஓக் மரத்தடியில், சில இடங்களில் தெருவோரத்திலேயே. ஊரில் எவ்வளவு நன்றாகத் தெரிந்த காளானாக இருந்தாலும் அந்த அறிவு ஊரோடு சரி. கடல் தாண்டினால் ஒன்றும் தெரியாதவர் மாதிரியே நடந்துகொள்ளுங்கள்.

சரி, இனி நான் படித்த ஒரு காளானுக்கு வருகிறேன்.

இரண்டாவது மாரியில் ஆச்சி என்னைப் புற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குப் பின்னால் பாலை மரத்தடியில் இடுப்பளவு உயரப் புற்று. விடியப்புறம் போகவேண்டும், வெயில் ஏறினால் காளான் வாடிப் புழு வைத்துவிடும். புற்றைச் சுற்றி ஈர மண்ணில் யாரோ பொரியைக் கொட்டிவிட்டது மாதிரி இருந்தது. கிட்டக் குந்தியிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு தனிக்குடை. பெருவிரல் நகத்தளவு, சில அதைவிடவும் சிறிது. வெள்ளை, நடுவில் மட்டும் கொஞ்சம் சாம்பல் பற்றிய கூர் நுனி, அந்த நுனியால்தான் மண்ணைக் குத்திக்கொண்டு மேலே வருகிறது. விரிந்த குடைகளில் விளிம்பு அங்கங்கே உள்நோக்கி வெடித்திருக்கும். தண்டு தையல் நூலை முறுக்கினது போல நார் நாராக, வளையம் கிடையாது, பை கிடையாது. ஆச்சி ஒரு கூட்டத்துக்குக் கீழே குச்சியை விட்டு மண்ணோடு கிளப்பி என் உள்ளங்கையில் வைத்தார். தண்டின் முடிவில் மண்ணிறமாக, கஞ்சல் போல, சின்னச் சின்னத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. "கறையான் வெளிய தள்ளினது. இது இருந்தாத்தான் எடுக்கலாம், இல்லாட்டி விட்டிடோணும்" என்றார்.

அந்தத் துணுக்குதான் முழுக் கதையும். கறையான்கள் புற்றுக்குள் மென்ற மரத்தூளால் கடற்பஞ்சு போல ஒரு தோட்டம் கட்டி அதில் பங்கசை வளர்க்கின்றன, அதுதான் அவற்றின் சாப்பாடு. தோட்டத்தின் துண்டுகளை மேலே கொண்டுவந்து கொட்டும்போது அதில் இருந்து இந்தச் சின்னக் காளான் முளைக்கிறது. பெரிய புற்றுக்காளான்கள் வேறு மாதிரி, அவை உள்ளே இருக்கிற தோட்டத்தில் இருந்தே நீண்ட வேர் போலத் தண்டை விட்டு மேலே வரும். பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பங்கசு ஆய்வாளராக இருந்த தொமஸ் பெட்ச் என்பவர் இலங்கைக் கறையான் புற்றுகளில் வளரும் பங்கசுகளைப் பற்றி 1906 இல் எழுதியிருக்கிறார். இந்தச் சின்னக் காளானுக்கு 1871 இல் முதன்முதலாக அறிவியல் பெயர் வைத்ததும் இலங்கையில் இருந்து போன மாதிரியை வைத்துத்தான், இன்றைக்கு அதன் பெயர் டெர்மிட்டோமைசிஸ் மைக்ரோகார்பஸ். தமிழ்நாட்டில் அரிசிக் காளான் என்பார்கள்.

இவ்வளவு தெளிவாக அடையாளம் இருந்தும் அந்த மாரி முழுக்க ஆச்சி என்னை எடுக்க மட்டும்தான் விட்டார். எடுத்ததை முறத்தில் கொட்டி ஒவ்வொன்றாகத் தானே பார்த்தார். அடிக்கடி இரண்டு மூன்றை ஒதுக்கிப் போடுவார். அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பதிவெடுத்தேன், வித்தி வெள்ளை. புற்றுக்காளானின் வித்தி இளஞ்சிவப்பு. கறையான் துணுக்கு இல்லாமல் பக்கத்துச் சருகில் இருந்து முளைத்த வேறொரு சின்ன வெள்ளைக் காளான் அது, தண்டில் நூலிழை போல ஒரு வளையத் தடம்கூட இருந்தது. லெபியோட்டா கூட்டத்தில் நஞ்சுள்ள சின்னக் காளான்கள் இப்படித்தான் இருக்கும். அதனால்தான் அள்ளு அள்ளாக அள்ளக்கூடாது, ஒவ்வொரு கொத்தாக அடியைப் பார்த்து எடுக்கவேண்டும்.

போனில் படம் எடுத்தால் பெயர் சொல்கிற செயலிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். பெயரைத் தேடத் தொடங்க ஓர் ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம், சாப்பிடுவதற்கு அதை நம்பக்கூடாது. படத்தில் அடி இல்லை, மணம் இல்லை, வித்தி இல்லை. நான் வட்ஸ்அப்பில் பதில் சொல்லாததும் இதனால்தான்.

இடத்தைப் பற்றியும் கவனம் வேண்டும். புற்றென்றால் நாகம் இருக்கும், சருகுக்குள் விரியன் கிடக்கும், சப்பாத்து போட்டு, தடியால் தட்டிவிட்டுத்தான் கையை வைக்கவேண்டும். கந்தளாய், பன்குளப் பக்கம் விடியப்புறம் யானை இன்னும் காட்டுக்குள் திரும்பாமல் நிற்கும். சண்டை நடந்த பகுதிகளில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிற காணிக்குள்ளும், ஆள் நடமாட்டம் இல்லாத பற்றைக்குள்ளும் காளானுக்காக ஒருபோதும் இறங்காதீர்கள். மருந்தடித்த வயல் வரம்பு, பெருந்தெருவோரம், குப்பை எரித்த இடம் எதிலும் எடுக்கக்கூடாது, மண்ணில் உள்ள கெட்டதைக் காளான் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மஞ்சள் பூசிப் பால் ஊற்றிக் கும்பிடுகிற புற்றை நாங்கள் தொடுவதில்லை, மற்றப் புற்றையும் உடைப்பதில்லை. புற்றை உடைத்தால் அடுத்த மாரிக்கு அங்கே காளானே இருக்காது.

கொண்டுவருவதற்குப் பனையோலைப் பெட்டிதான் சரி. பொலித்தீன் பையில் வியர்த்து அழுகிவிடும், அழுகின நல்ல காளானும் வயிற்றைக் கெடுக்கும். படிக்கக் கொண்டுவருகிற தெரியாத காளானை அதே பெட்டியில் போடாமல் தனிக் கடதாசியில் சுற்றுங்கள். சமைக்கும்போது நாலைந்து தண்ணீரில் அலசி மண் போக்கி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு வதக்கி, தலைப்பால் விட்டு, மிளகுத்தூள் தூவி இறக்கித் தேசிக்காய் பிழிந்தால் பிட்டுக்கு அதைவிட வேறு கறி வேண்டாம். மூன்றாவது மாரியில் நான் முதன்முதலாகச் சாப்பிட்டபோது ஆச்சி எனக்கு வைத்தது இரண்டு தேக்கரண்டிதான், மிச்சம் அடுத்த நாளைக்கு என்றார். தெரிந்த காளான் என்றாலும் சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. அதற்காகத் தெரியாத காளானைக் கொஞ்சமாகத் தின்று பார்க்கலாம் என்று அர்த்தம் எடுக்காதீர்கள், அமாடொக்ஸினுக்குக் கொஞ்சமும் அதிகம்தான். சமைக்கிற ஒவ்வொரு தடவையும் இரண்டு பச்சைக் காளானைக் கடதாசியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் எடுத்து வைப்பேன். பிள்ளைக்கு இன்னும் கொடுப்பதில்லை. காளான் ஆசை வந்தால் கடையில் சிப்பிக் காளான் பக்கெட் விற்கிறது, அதை வாங்கிச் சமைத்துக் கொடுக்கிறோம்.

இப்போது இரண்டாவது காளானைப் படித்துக்கொண்டிருக்கிறேன், வைக்கல் காளான். தம்பலகாமத்தில் ஒரே களத்தில், ஒரே வைக்கல் கும்பியில், இரண்டு மாரியாகப் பார்க்கிறேன். முட்டைப் பருவத்தில் ஒன்றைக் குறுக்கே வெட்டி உள்ளே பார்ப்பேன், விரிந்த பிறகு ஒன்றைப் பதிவெடுப்பேன். கொப்பியில் ஐந்து வட்டம் சேர்ந்திருக்கிறது, ஐந்தும் இளஞ்சிவப்பு, திகதியும் இடமும் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். போன ஞாயிறு ஆச்சிக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. இந்த மாரியும் பாருங்கோ" என்றார்.